வாயில்லாப் பூச்சியும் வீங்கிய உதடுகளும்

காஞ்சிபுரத்தில் பிறந்தவள் என்று சொன்னதும் வெளியூர்க்காரர்கள் என்னிடம் பட்டுப்பூச்சியைப் பற்றிக் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஊரில் ஏது பட்டுப்பூச்சி? பெங்களூர்ப் பக்கத்திலிருந்து நூலாக வரும், சாயத்தில் முங்கும், தறியில் ஏறும், சேலையாக இறங்கிக் கடைக்குப் போகும். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு தறி இருந்தது. அத்தனை பேரில் ஒருவர்கூடப் பட்டுப்பூச்சியின் முகத்தை நேரில் பார்த்ததில்லை. பெண்கள் பள்ளியில் விலங்கியல் எடுத்துக்கொண்டிருந்த நானே புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். கரும்பலகையில் நான் வரைந்த பட்டுப்பூச்சியைப் பிள்ளைகள் வௌவால் என்று நோட்டில் எழுதிக்கொண்டது தனிக் கதை.

எழுபதுகளின் தொடக்கம் அது. என் அண்ணன் ஆப்பிரிக்காவில், போட்ஸ்வானா தேசத்தில், கணக்கு வாத்தியாராக இருந்தான். ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான்: "இங்கே முள்மரங்களில் ஒரு காட்டுப் பட்டுப்பூச்சி கூடு கட்டுகிறது. யாரும் வளர்ப்பதில்லை. பூச்சி தானாக வெளியே வந்து பறந்துபோன பிறகு காலிக் கூடு மரத்திலேயே தொங்குகிறது. அதிலும் நூல் எடுக்கலாம் என்கிறார்கள். இங்குள்ளவர்கள் அதில் சின்னக் கற்களைப் போட்டு, கோத்து, சலங்கை போலக் காலில் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள்."

இதை ஆசிரியர் அறையில் வாய்விட்டுப் படித்ததுதான் நான் செய்த தவறு. பக்கத்து நாற்காலியில் இருந்த தமிழ் டீச்சர் திருத்திக்கொண்டிருந்த தாளை அப்படியே வைத்துவிட்டார்.

"பூச்சி சாகாதா?" என்றார்.

அவர் கேட்டதன் பின்னணியைச் சொல்ல வேண்டும். தமிழ் டீச்சர் மாகறல் பக்கத்துக் கிராமத்து நயினார் வீட்டுப் பெண். தலைமுறை தலைமுறையாக உழுது பிழைக்கும் சமணக் குடும்பம். நாம் கட்டுகிற பட்டு, கூட்டுக்குள் இருக்கும் புழுவை உயிரோடு வெந்நீரில் போட்டு எடுப்பது. பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்தால் இழை அறுந்துபோகும் என்பதற்காகத்தான் அந்தப் பாவம். எல்லா நயினார் வீடுகளிலும் பட்டுக்குத் தடை இருந்ததாகத் தெரியவில்லை, இவருடைய அப்பா கொஞ்சம் முற்றிய கேஸ். பட்டு அவர் வீட்டு வாசற்படி தாண்டியதில்லை. தமிழ் டீச்சருக்கு இருபத்தொன்பது வயதில் ஒருவழியாகக் கல்யாணம் நிச்சயமாகி, தை மாதம் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். தினமும் பஸ்ஸிலிருந்து இறங்கி, நாலு தெரு தறிச் சத்தத்தைத் தாண்டிப் பள்ளிக்கு வருகிறவர் அவர்.

"கல்யாணத்தன்னிக்கு ஒரு நாளு. ஒரு நாலு விரக்கடை இருந்தாக்கூடப் போதும். ஆசையா இருக்குது" என்றார். அதற்குமுன் அவர் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று சாயங்காலமே காலிக் கூடுகள் அனுப்பச் சொல்லி அண்ணனுக்குக் கடிதம் போட்டேன்.

தமிழ் டீச்சர் தன் அப்பாவிடம் கேட்டதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான் வந்தது. "உசுரு தானா வெளிய வர்றத என் கண்ணால பாக்கணும். அடுத்தவங்க கண்ணு வேணாம். பாத்துட்டா கட்டிக்கோ."

உயிருள்ள கூடும் சேர்த்து அனுப்பச் சொல்லி அண்ணனுக்கு மறுபடி எழுதினேன். ஆனி மாதம் அண்ணனின் நண்பர் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது ஒரு பெரிய பால்பவுடர் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே மூன்று டஜனுக்கு மேல் காலிக் கூடுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஓட்டை. தனியாக ஒரு துணியில் சுற்றி நாலு மூடிய கூடுகள், உயிரோடு. நான் பள்ளியில் இருந்தேன். டப்பாவைத் திறந்தது அப்பா.

இங்கே எங்கள் தெருப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆட்கள் பட்டைக் கையால் பார்க்க மாட்டார்கள். கை காய்ப்புக் காய்த்தது, அதற்கு என்ன தெரியும் என்பார்கள். மேல் உதட்டில் வைத்து மெல்ல இழுப்பார்கள். நூல் நல்ல நூலா, தண்ணீர் தெளித்து எடை ஏற்றியிருக்கிறதா, எல்லாம் உதடு சொல்லிவிடும். அப்பா நெய்த சேலை எதுவும் அந்த உதட்டைத் தாண்டாமல் வெளியே போனதில்லை. ஆகவே ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பட்டுக்கூட்டை அப்பா என்ன செய்திருப்பார் என்று ஊகிக்கப் படிப்பு தேவையில்லை. அவர் மட்டுமா? அடுத்த வீட்டு நெசவாளரைக் கூப்பிட்டார். அவரும் உதட்டில் வைத்தார். நூல் கணக்குப் பார்க்க வந்திருந்த பட்டுக்கடை முதலாளி, "குடுப்பா, நானும் பாக்கறேன்" என்று வாங்கி, பெரிய மனிதர் என்பதால் இரண்டு தரம் இழுத்தார்.

நான் வீட்டுக்கு வந்தபோது மூன்று பேரும் தறிமேடையில் வரிசையாக உட்கார்ந்து முகத்தில் ஈரத் துண்டை ஒற்றிக்கொண்டிருந்தார்கள். துண்டை எடுத்ததும் எனக்கு யார் அப்பா என்று கொஞ்ச நேரம் குழப்பமாகிவிட்டது. மூவருக்கும் ஒரே உதடு.

"இன்னாத்தமா அனுப்பியிருக்கறான் உங்கண்ணன்?" என்று அப்பா கேட்டார். கேட்டார் என்று நான் எழுதுகிறேன். காதில் விழுந்தது வெறும் காற்று.

விஷயம் இதுதான். அந்தப் புழுவின் உடம்பு முழுக்க முள்முடி. கூடு கட்டும்போது அந்த முடியையும் சேர்த்து வெளிப்பக்கத்தில் செருகி வைத்துவிடும், யாரும் கிட்ட வரக்கூடாது என்று. கூட்டுக்குள்ளே பூச்சி இருக்கிறதோ இல்லையோ, முடி இருக்கும். அண்ணன் இதைத் தெளிவாகவே எழுதியிருந்தான், கையில் துணி சுற்றாமல் தொடவே கூடாது என்று. என்ன பிரயோசனம்? டப்பா ஆள் கையில் வந்தது, கடிதம் தபாலில் வந்தது. அது வந்து சேர்ந்தது நாலு நாள் கழித்து. பட்டுக்கடை முதலாளி அந்த நாலு நாளும் வாயைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் மௌன விரதம் என்று நினைத்துக்கொண்டு பேரம் பேசாமல் வாங்கிப் போனார்களாம். அவர் ஒருவருக்குத்தான் அந்தக் கூட்டால் லாபம்.

அதே கடிதத்தில் இன்னொரு எச்சரிக்கையும் இருந்தது. அங்கே மாடுகள் இதை முள்மரத்துக் காய் என்று நினைத்துத் தின்றுவிடுமாம், வயிற்றுக்குள் நூல் அடைத்துச் செத்தே போகுமாம். கோயில் மாடு வாசல் வாசலாகத் தலையை நீட்டும் ஊர். அம்மா மொத்தத்தையும் ஒரு மூங்கில் கூடையில் போட்டுத் தறிக்கு மேலே உத்தரத்தில் கட்டிவிட்டாள்.

"இது பட்டே இல்ல. சாணி உருண்டைக்கு மீசை மொளச்ச மாதிரி இருக்குது" என்றார் அப்பா, உதடு பேச இடம் கொடுத்ததும். "இனிமே இத என் மொகத்துக்கு நேரா எவனும் கொண்டாரக் கூடாது. வெந்நி வெச்சிப் போட்டா நிமிசத்துல முடிஞ்சிது. இதப் போயி குந்த வெச்சி அழகு பாத்துக்கினு இருக்கறா."

வெந்நீர் என்ற பேச்சு எடுத்தால் தறியில் தீ வைப்பேன் என்று நான் சொன்னேன். அப்படியெல்லாம் பேசக்கூடியவள்தான் நான் அப்போது.

அடுத்த வீட்டுக்காரருக்கு வேறு கவலை. "வீங்குனது வீங்கிடுச்சி. அதும் பேரு இன்னாமா?" என்றார். வீங்கியதற்குக் காரணம் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் இல்லையா? கோனோமீட்டா போஸ்டிகா என்றேன். இரண்டாவது சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். பள்ளி நூலகத்து அகராதியைப் புரட்டி வந்து சொன்னேன்: லத்தீனில் பின்பக்கத்தது, பின்னால் இருப்பது. ஏன் அப்படி வைத்தார்கள் என்று எங்கும் கிடைக்கவில்லை, பின் இறக்கையைப் பார்த்து வைத்திருக்கலாம் என்பது என் ஊகம். இப்படிப் பேர் வைப்பவர்கள் பெரும்பாலும் செத்த பூச்சியை ஊசியில் குத்தி வைத்துப் பார்த்துத்தான் வைப்பார்கள் என்றும் சொன்னேன்.

"பொணத்த வெச்சிக்கினு பேரு வெச்சா அப்படித்தான் பின்பக்கம்னு வரும்" என்றார் அப்பா. எங்கள் தெருவில் சேலையின் கரைக்கும் உடலில் போடும் புட்டாவுக்கும் பேர் வைப்பது கண்ணில் பட்டதை வைத்துத்தான்: மாங்காய், மயில்கண், ருத்ராட்சம். அந்த வழக்கப்படி இரண்டே நாளில் தெரு அதற்குப் புளியங்கொட்டை என்று பேர் வைத்துவிட்டது. லத்தீனைவிட அது பொருத்தமாகத்தான் இருந்தது.

பிறகு காத்திருப்பு. ஆடி போனது, ஆவணி போனது, புரட்டாசி போனது. கூடையில் அசைவே இல்லை. மழை பெய்து காற்றில் ஈரம் ஏறினால்தான் வெளியே வரும் என்று அண்ணன் எழுதினான். அது ஒரு புதுத் தலைவலி. எங்கள் தெருவில் மழை வேண்டும் என்று யாராவது சொன்னால் செருப்பு பறக்கும். நீளவாட்டு நூலான பாவுக்குக் கஞ்சி போட்டுத் தெருவில் நீளமாக இழுத்துக் காயவைக்க வெயில் வேண்டும். மழை பிடித்தால் பாவு இல்லை, பாவு இல்லையென்றால் தறி இல்லை, தறிக்குழியில் வேறு தண்ணீர் ஊறும். ஊரே மழை வேண்டாம் என்று காமாட்சியிடம் கேட்டுக்கொண்டிருக்க, நானும் தமிழ் டீச்சரும் பள்ளி விட்டதும் அதே சன்னிதிக்குப் போய் மழை கேட்டோம். அம்மன் சமண வீட்டுப் பெண்ணின் பேச்சைக் கேட்பாளா என்று அவருக்குச் சந்தேகம். ஐப்பசியில் கொட்டியது பாருங்கள், ஒன்பது நாள் விடாமல். எங்கள் இரண்டு பேரின் பிரார்த்தனை எப்படியோ வெளியே தெரிந்து, அந்த ஒன்பது நாளும் தெருவில் ஒருவரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை தமிழ் டீச்சர் தன் அப்பா நயினார் ஐயாவை அழைத்து வந்தார். ஒல்லியான மனிதர், பொத்தான் குடை, தும்பைப்பூ மாதிரி வேட்டி. காலிக் கூடுகளின் ஓட்டையைக் காட்டினேன். "எலி கடிச்சிருக்கும்" என்று முடித்துவிட்டார். மூடிய கூடுகளின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். பகல் பதினோரு மணிக்கு ஒரு கூட்டிலிருந்து சத்தம். நுனியில் சின்னதாக ஓட்டை விழுந்தது. வெளியே வந்தது ஈ. ஒன்று, இரண்டு, ஏழு ஈக்கள். காட்டில் ஏதோ ஒரு ஈ, புழு உயிரோடு இருக்கும்போதே அதன்மேல் முட்டையிட்டிருக்கிறது. குஞ்சுகள் உள்ளே இருந்ததைத் தின்று முடித்துச் சாவகாசமாக வெளியே வந்திருக்கின்றன. வகுப்பில் இதை அரைமணி நேரம் நடத்தியிருக்கிறேன். அன்று ஈக்களைத் துண்டால் விரட்டிக்கொண்டிருந்தேன்.

"இதான் உங்க பட்டுப்பூச்சியாமா?" என்று மட்டும் கேட்டார். தமிழ் டீச்சர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மகளுக்காக அடுத்த ஞாயிறும் வந்தார். காலையிலிருந்து உட்கார்ந்தார். ஆனால் பொழுது சாய்வதற்குள் வீட்டில் சாப்பிட்டாக வேண்டும், இருட்டில் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது உயிர் வாய்க்குள் போய்விடும் என்பது அவர்கள் வீட்டு நியமம். எங்கள் வீட்டிலோ அவர்கள் தொடாத வெங்காயம் வெட்டுகிறவர்கள். எனவே நாலு மணி பஸ்ஸுக்கு எழுந்து போய்விட்டார். ஆறரை மணிக்குப் பூச்சி வந்தது. எங்கள் குடும்பமும் அடுத்த வீடும் கண்குளிரப் பார்த்தோம், பார்க்க வேண்டியவர் கிராமத்தில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியிருப்பார். நாலாம் நாள் பூச்சி செத்துப்போனது. அதற்கு அடுத்த ஞாயிறு, தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்திய அதை அவரிடம் நீட்டினேன்.

"செத்தத யாரு வேணா காட்டலாம்மா" என்றார்.

அதற்குள் மூன்றாவது கூடு லேசாகி, ஆட்டினால் உலர்ந்த கொட்டைபோலக் கடகடவென்றது. அதற்குள் இருந்த உயிர் எப்போதோ போய்விட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. தமிழ் டீச்சர் அதை உள்ளங்கையில் துணி வைத்து ஏந்திக்கொண்டு, "விடுங்க டீச்சர். எனக்குக் குடுத்து வெக்கல" என்றார். எனக்கு அவர்மேலும் கோபம், அவர் அப்பாமேலும் கோபம், பூச்சிமேல் எல்லாரையும்விட அதிகக் கோபம்.

நாலு மணிக்கு நயினார் ஐயா குடையை எடுத்தார். அப்போதுதான் எங்கள் அப்பா அந்தக் கூட்டுக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, காதை வைத்துக் கேட்டார். வீங்கியதிலிருந்து அவர் முகத்தை அதன் கிட்டே கொண்டுபோனதே இல்லை.

"நயினாரே, ஒக்காருங்க. உள்ள சுரண்டுது. போன வாரமும் மத்தியானத்துலேந்து இப்படித்தான் சுரண்டிக்கினு இருந்துச்சி."

"நான் சாப்பிடணுமே."

"உங்க இஷ்டம். உங்க பொண்ணு பட்டினியாத்தான் ஒக்காந்துகினு இருக்குது."

நயினார் ஐயா மகளைப் பார்த்தார். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். விருந்தாளி பட்டினி கிடக்கும்போது தான் சாப்பிடுவது அழகில்லை என்று அப்பாவும் பலகாரத்தைத் தொடவில்லை. நாலு மணிக்குப் போண்டா வராவிட்டால் வீட்டை இரண்டாக்குகிறவர் அவர். அம்மா சுடச்சுடப் போட்ட போண்டாக்கள் மூடி வைத்த தட்டில் மணத்துக்கொண்டே இருந்தன.

பொழுது இறங்கியதும் நயினார் ஐயா விளக்கை அணைக்கச் சொன்னார், வெளியே வருகிற உயிர் விளக்கில் போய் விழும் என்று. அணைத்தோம். அடுத்த வீட்டையும் அணைக்கச் சொன்னார். அதுவும் ஆனது. தெருவிளக்கை என்ன செய்வது என்று கேட்டார். அதை முனிசிபாலிட்டி தானாகவே அணைத்து வைத்து ஒரு மாதம் ஆகிறது என்றார் அப்பா. ஓர் அரிக்கேனைத் திரி இறக்கிக் கூடத்துக் கோடியில் வைத்தோம்.

கூட்டின் நுனி ஈரமானது. பழுப்பாக ஒரு சொட்டு. அப்புறம் நனைந்த தலை, கால்கள், பருத்த வயிறு. கசங்கிய ஈரத் துணி மாதிரி இரண்டு பக்கமும் ஏதோ தொங்கியது. தட்டுத்தடுமாறிச் சுவரில் ஏறி நின்றது. பெண் பூச்சி. இறக்கை விரிந்து காய அரைமணி நேரம் வேண்டும், அதுவரை அதனால் நகரக்கூட முடியாது.

சரியாக அந்த நேரம் பார்த்து உத்தரத்திலிருந்து ஒரு பல்லி இறங்கியது. நான் துடைப்பத்தை எடுத்துவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வரும் ஊரில் பல்லியை அடிப்பதாவது? நயினார் ஐயாவோ, "அதும் பசிக்குத்தான்மா வருது. அடிக்காத" என்றார். சொல்லிவிட்டுக் குடையை விரித்துச் சுவரோடு சுவராகப் பூச்சிக்கும் பல்லிக்கும் நடுவில் பிடித்தார். பல்லி இடப்பக்கம் வந்தது, குடை இடப்பக்கம் போனது. வலப்பக்கம் வந்தது, குடையும் வந்தது. அவருக்குக் கை சோர்ந்ததும் அப்பா போய்க் காம்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இரண்டு கிழவர்கள் காலி வயிற்றோடு, வீட்டுக்குள், ஒரே குடைக்குக் கீழே அரைமணி நேரம் நின்றார்கள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. தமிழ் டீச்சருக்கும்தான். அவர் சிரித்ததில் கண்ணீர் வந்துவிட்டது.

இறக்கை முழுக்க விரிந்தது. உள்ளங்கை அகலம், பழுப்பு நிறம், சரிகையும் இல்லை, ஜொலிப்பும் இல்லை.

"நாப்பது வருசமா பட்டு நெய்யறேன். இதுங்க மொகத்த இந்த ரெண்டு வாரமாத்தான் பாக்கறேன்" என்றார் அப்பா.

"இதுக்குத் திங்க இன்னாமா குடுக்கணும்?" என்று நயினார் ஐயா கேட்டார்.

"ஒன்னும் வேணாங்க ஐயா. புழுவா இருந்தப்ப தின்னதோட சரி. இனி திங்கறதுக்கு வாயே கிடையாது. முட்டையிட்டுட்டு நாலஞ்சு நாள்ல போயிடும்."

அவர் குடையை மடக்கினார். "பெரிய பெரிய முனிவருங்க கடைசி காலத்துல பட்டினியா இருக்கற நோன்ப இது பொறந்ததுலேந்தே இருக்குது" என்று சொல்லி, சுவரைப் பார்த்துக் கை கூப்பினார். "'நோன்பி'ன்னு கூப்புடுங்க. புளியங்கொட்டை வேணாம்." பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "நெய்யுங்க."

காலிக் கூடுகளைச் சாம்பல் தண்ணீரில் வேகவைத்து, இரண்டு நாள் அலசி, முடி எடுத்தோம். ஓட்டை விழுந்த கூட்டில் நீள இழை வராது, பருத்தி போல நூற்கத்தான் வேண்டும். தமிழ் டீச்சரின் அம்மா கைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு தக்களியில் நூற்றார். கருப்பட்டி நிறத்தில் முடிச்சு முடிச்சாக நூல் வந்தது. அப்பா அதைக் கையில் வாங்கி ஆயிரம் திட்டித் தீர்த்துவிட்டு, வெண்பருத்திச் சேலையின் முந்தானையில் நாலு விரற்கடைக்கு நெய்தார். நோன்பிக் கரை என்று தெருவே வந்து பார்த்தது. உதட்டில் வைத்து மட்டும் யாரும் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் தமிழ் டீச்சர் சேலை வாங்க வந்தார். அப்பா மடித்துக் கொடுக்கப் போனவர் நின்றுவிட்டார். திரும்பித் தறிமேடையில் உட்கார்ந்து முந்தானையைப் பிரித்தார்.

"வேணாங்க" என்றாள் அம்மா.

"கைக்குத் தெரியாது. பொண்ணு நாள் பூரா கட்டப்போவுது, கழுத்துல குத்துனா இன்னா பண்ணும்?" என்றார். அந்த நாலு விரற்கடையை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை மேல் உதட்டில் வைத்து மெல்ல மெல்ல இழுத்தார். நடுவில் நிறுத்தினார், முகத்தைச் சுளித்தார், இடுக்கியால் ஒரு முடியைப் பிடுங்கினார். மறுபடி இழுத்தார். இப்படி ஐந்து முடி. மறுபக்கம் திருப்பிப்போட்டு அதையும் இழுத்தார், அதில் இரண்டு. எல்லாம் முடிந்ததும் மடித்துத் தட்டில் வைத்து நீட்டினார்.

"இப்பத்தான்மா இது பட்டு" என்றார். சொன்னது பாதி காற்றாகத்தான் வந்தது.

மறுநாள் கிராமத்தில் பொழுது சாய்வதற்குள் பந்தி போட்டார்கள். அப்பா வாயின் ஒரு பக்கத்தால் மட்டும் மென்றுகொண்டிருந்தார். பரிமாற வந்த நயினார் ஐயா குனிந்து அந்த உதட்டைப் பார்த்தார், மணையில் உட்கார்ந்திருந்த மகளின் முந்தானையைப் பார்த்தார். அப்பாவின் இலையிலிருந்து ஊறுகாயையும் காரக் கறியையும் தன் கையாலேயே எடுத்து ஒதுக்கிவிட்டு, பாயசத்தை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தார்.